அது வண்டியோட பழக்கம்

குழம்பில் உப்பு கூடிப்போன நாட்களில் மச்சான் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்பார். உப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அக்கா தான் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். "ஐயையோ, இத எப்பிடிங்க தின்னீங்க?" என்று அவள் பதறினால், "நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காடு வைத்திருந்த சம்சாரிக் குடும்பம். அவர் மட்டும் படித்து, விளாங்குடியில் வீடு பிடித்து, விதை விற்கிற கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். நல்ல உயரம், பெரிய குரல். தெருவில் யார் வீட்டில் ஆஸ்பத்திரி என்றாலும் முதல் ஆளாய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார்.

எதிலும் அவருக்குக் குறை தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருப்பார். இரண்டில் எது என்பது எங்கள் வீட்டில் ரொம்பக் காலம் தீராத வழக்கு. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டபோது அதன் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டார். விரிசல் காலண்டருக்குக் கீழேயும் இறங்கியபோது இன்னும் நீளமான காலண்டராகப் பார்த்து வாங்கி வந்தார். கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பணியாரமாய் உப்பியிருந்த அன்று, "தலகாணி சரியில்ல" என்றார். நான் கல்லூரியில் ஒரு பேப்பரில் விழுந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவர், "மாப்ள சரியாத்தான் எழுதியிருக்கும். திருத்துனவன் வெயில்ல வந்திருப்பான்" என்று சொல்லி என்னைப் பரோட்டா தின்னக் கூட்டிப்போனார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அக்காவுக்கு அவரைப் பிடித்த கதை வேறு. அவளுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பியை வாங்கிக்கொண்டு, அவள் திரும்பிப் போகும்போது காலைப் பார்ப்பார்கள். பிறகு ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மச்சான் வந்த அன்று அப்பாவே முந்திக்கொண்டு, "பிள்ளைக்குக் கால் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "காலுக்கு என்ன?" என்று கேட்டார் மச்சான். நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர் கேட்கிற குரல். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு அவர் மேல் இருந்தது வெறும் பிரியம் என்று சொன்னால் போதாது, பக்தி.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய வண்டி வாங்கினார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஜீப்பும் இல்லாமல் காரும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு சின்ன வண்டி. உயரமான டயர், டிக்கி கதவில் தொங்கும் ஸ்டெப்னி, சாம்பல் நிறம். யாரிடமும் கலக்காமல் கோயம்புத்தூர்ப் பக்கம் போய் வாங்கி வந்து, பாண்டி கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் அப்போது வண்டிகளுக்கான பெயிண்ட் விற்கிற கடையில் வேலை பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வலது பக்கம் ஒரு சாம்பல், இடது பக்கம் வேறு சாம்பல். யாரும் பார்க்காதபோது விரலால் தட்டிப் பார்த்தேன். வலது கதவில் தகரச் சத்தம் வந்தது. இடது கதவில் சுவரைத் தட்டிய மாதிரி மொத்தமாக ஒரு சத்தம். எங்கோ இடது பக்கம் பலமாக அடிபட்டு, நிமிர்த்தி, பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, மேலே வர்ணம் அடித்துக் கைமாற்றிய வண்டி. அப்பாவின் காதில் சொன்னேன். அப்பா என் கையை அமுக்கினார்.

"வாய மூடுறா. வீட்டு மாப்பிள்ள வாங்கிட்டு வந்திருக்காரு. நொள்ள சொல்லாத."

எங்கள் ஆட்களிடம் அதுதான் முறை. மாப்பிள்ளை கொண்டுவந்து காட்டுகிற பொருளைப் பெண் வீட்டார் குறை சொன்னால் அது மாப்பிள்ளையையே குறை சொன்னதாகிவிடும். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "யானையாட்டம் நிக்கிது மாப்ள" என்றார். அம்மா ஆரத்தி எடுத்தாள். சித்தப்பா, "புது வண்டி தோத்துச்சு போங்க" என்றார். இத்தனை வாய் புகழ்ந்த பிறகு அந்த மனிதர் எந்த முகத்தோடு ஒரு குறையைச் சொல்வார்? இந்தப் பாழாய்ப்போன மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் மழையிலேயே வண்டி தன் குணத்தைக் காட்டியது. கூரையில் சாமான் கட்டும் கம்பியின் திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கிப் பின் சீட்டில் உட்கார்ந்தவர் தோளை நனைத்தது. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைப் பட்டி அடைத்திருந்ததால், மழை விட்ட பிறகும் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் குடம் அலம்புகிற சத்தம் கேட்கும். ஸ்டெப்னியின் கனத்தில் கீல் தேய்ந்து டிக்கி கதவு தொங்கிக் கிடந்தது. அதை மூட முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி அறைய வேண்டும். ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியதும் கதவுக்குள் விழுந்துவிடும் என்பதால் அதற்கு ஒரு மர ஆப்பு. கால்மிதியைத் தூக்கினால் துரு தின்ற ஓட்டை வழியே தார் ரோடு ஓடுவது தெரியும். எண்ணெய் டின்னை வெட்டி அதை மூடினார்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அது ஒண்ணுமில்ல மாப்ள. அது வண்டியோட பழக்கம். நம்ம பழகிக்கிட்டா சரியாப் போச்சு."

பழகிக்கொண்டோம். யார் எந்தப் பக்கம் ஏறுவது, எந்தக் கதவை எப்படித் தூக்கி மூடுவது என்று குடும்பமே பாடம் படித்து வைத்திருந்தது. விருந்தாளி யாராவது கதவைச் சாதாரணமாக மூடினால் எங்களுக்கு விநோதமாக இருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இடது பக்க முன்கதவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வண்டி வலது பக்கம் திரும்பினால் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அடிபட்ட இடம் சரியாக நிமிராததால் பூட்டின் நாக்கு கொக்கியில் முழுதாக விழுவதில்லை. அக்கா உட்காருகிற இடம் அது. சீட் பெல்ட் என்று ஒன்று தொங்கியது, அதன் பூட்டும் விழாது, அந்தக் காலத்தில் ஊருக்குள் அதைப் போடுகிற ஆளும் கிடையாது. மச்சான் கதவின் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை அக்காவிடம் கொடுத்தார். வலது பக்கம் திரும்புவதற்கு முன்னால் "புடி" என்பார். அக்கா கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பாள். வண்டி நேரானதும் "விடு" என்பார்.

"அந்தச் சித்தி என்ன சொன்னாங்கன்னா..."

"புடி."

"...கல்யாணத்துக்கு எங்களக் கூப்புடலன்னு..."

"விடு."

"...மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க."

அக்கா இப்படித்தான் அந்த வண்டியில் கதை சொல்வாள். கை தன் பாட்டுக்குச் சுற்றும், இழுக்கும், விடும். மணிக்கட்டில் வளையலுக்குக் கீழே ஒரு தழும்பு ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சீட்டை எட்டிப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "மச்சான், ஆரப்பாளையத்துல நமக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு. வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். கதவ மட்டும் பாத்துருவோம்."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள, வண்டி சரியில்லங்குறியா?"

அப்பா இருமினார். அம்மா, "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வருடம் மாசி சிவராத்திரிக்கு அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். அக்கா மடியில் பொங்கல் வைக்கிற பித்தளைப் பானை. காளவாசலில் தேனி ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்புகிற நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் குறுக்கே மூக்கை நீட்டியது. மச்சான் ஸ்டியரிங்கை வெட்டினார், "புடி" என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வந்தது. கதவு முழுசாகத் திறந்துகொண்டது. பானை ரோட்டில் விழுந்து உருண்டது. அக்காவின் பாதி உடம்பு வெளியே. பின்னாலிருந்து நான் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தேன். பக்கத்தில் வந்த லாரியின் பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். மச்சான் இறங்கி வந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அக்காவின் கையை எடுத்துப் பார்த்தார். கயிறு அறுத்த இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது, வளையல் உடைந்து கீறியிருந்தது.

"கயிறு கொஞ்சம் நீளமாப் போச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அங்கேயே, ரோட்டு ஓரத்தில், கயிற்றை அவிழ்த்துக் குட்டையாக்கிக் கட்டினார். முடிச்சு மூன்று தடவை நழுவிய பிறகுதான் விழுந்தது. நசுங்கிய பானையை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நான் அக்காவிடம் குனிந்து, "பின்னால வந்துரு" என்றேன். "சும்மா இருடா. அவரு பாவம், வெள்ளந்தி. அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். உசிலம்பட்டி தாண்டிக் கோயில் போய்ச் சேருகிற வரைக்கும் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு மச்சானே வண்டியை விற்றுவிடலாம் என்றார். ஊரில் கிணற்றை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. எனக்குச் சாமி கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. வாங்க வந்தவர் திருமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயசு. கூடவே மனைவி, கையில் பல் முளைக்காத குழந்தை. மச்சான் வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார். ஆப்பு, கால்மிதி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இடது கதவில் கயிறு மட்டும் இல்லை. கதவுக்கும் அதன் பூட்டு விழுகிற வண்டித் தூணுக்கும் நடுவில் அட்டையை மடித்துத் திணித்து இறுக்கமாகச் சாத்தியிருந்தார்.

"ஓட்டிப் பாத்துருவமாண்ணே" என்றார் வாத்தியார். "இவ முன்னால உக்காரட்டும். இவளுக்கு வண்டின்னா குமட்டும், அதான் ஒத்துக்கிருதான்னு பாக்கணும்."

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் சாவியைப் பார்த்தார். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள், "அக்கா, நீங்களும் வாங்கக்கா, பேச்சுத்துணைக்கு" என்று அழைத்தாள். அக்கா, வாத்தியார், நான் மூன்று பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

"தங்கச்சி, அந்தக் கதவ ஒரு கையால புடிச்சுக்கங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு கையிலயும் பிள்ள இருக்கேக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மச்சான் வண்டியை எடுத்தார். விளாங்குடியில் அவர்கள் தெருவிலிருந்து திண்டுக்கல் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினார். பரவை வந்தது. வலது பக்கம் ஒடித்துத் திருப்பிக்கொண்டு வர அங்கே நல்ல இடம் இருக்கிறது. அவர் திருப்பவில்லை, நேராகப் போனார். குழந்தை தூங்கிவிட்டது. அந்தப் பெண் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தானும் கதவில் சாய்ந்துகொண்டாள். அக்காவின் இடது கை வெறும் மடியில் கயிறு சுற்றுகிற மாதிரி அசைந்தது. சமயநல்லூர் வந்தது. அதையும் தாண்டினோம்.

"போதும்ணே, திருப்பிருவோம்."

"இன்னும் கொஞ்சம் போனா ரோடு நல்லா இருக்கும் சார்."

"திண்டுக்கல்லுக்கே கூட்டிட்டுப் போயிருவீங்க போலயே!" வாத்தியார் சிரித்தார். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓரங்கட்டுங்கண்ணே. நான் ஓட்டிப் பாக்குறேன்."

மச்சான் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. வாத்தியார் இறங்கிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் மச்சான் இறங்கினார். பின்னால் வந்து ஏறவில்லை. ரோட்டு ஓரத்தில் அப்படியே நின்றார். வாத்தியார் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தார். ஊர்ப்பக்கம் திருப்பப் போகிறார். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, அது போகட்டும் என்று காத்திருந்தார். அக்கா எழுந்து முன் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் வாத்தியார் முதுகைத் தட்ட எழுந்துவிட்டேன்.

அதற்குள் மச்சான் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க சார். தங்கச்சி, நீ எறங்கும்மா. மெதுவா எறங்கு."

"ஏண்ணே?"

"அந்தக் கதவு கெட்டுப்போச்சு. திருப்புனா தெறந்துக்கிரும். பிள்ளையோட கீழ விழுந்துருவ."

கெட்டுப்போச்சு என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னவர் அத்தோடு நிறுத்தவும் இல்லை. அந்தப் பெண் இறங்கி ஓரமாக நின்ற பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். டிக்கி கதவு தொங்கும், தரை ஓட்டை, மழை பெய்தால் ஒழுகும், கதவெல்லாம் உள்ளே துரு. "எடது பக்கம் அடிபட்ட வண்டி சார். நான் வாங்கும்போதே தெரியும். வாங்கிட்டேன். உங்களுக்கு வேண்டாம்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையையும் மனைவியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்து, "உங்கள மாதிரி ஒரு மனுசன் கெடைக்க மாட்டாருண்ணே" என்றார்.

அக்கா காலை இழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"வாங்கும்போதே தெரியுமா?" என்று கேட்டாள்.

மச்சான் வாத்தியாரிடமிருந்து கைகளை விடுவித்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைய இன்னைக்குத்தான் பாத்தீங்க. இவளுக்குச் சொல்லிட்டீங்க. நான் இம்புட்டு நாளா அந்த எடத்துலதான உக்காந்து வாரேன்? எனக்கு ஏங்க சொல்லல?"

"உனக்குத்தான் கயிறு கட்டிக் குடுத்தனே" என்றார்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை சாக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவள் திரும்பி, ரோட்டைத் தாண்டி, மதுரைக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கம் போய் நின்றாள். மச்சான் இந்தப் பக்கத்திலிருந்து, "வா, ஏறு. பின்னால உக்காந்துக்க" என்று கூப்பிட்டார். பஸ் வந்து மறைத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் அவளோடு ஏறினேன்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பரவை தாண்டும்போது, "எல்லாம் தெரிஞ்சிருக்குடா தம்பி அவருக்கு" என்றாள். விளாங்குடி நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மச்சான் தானே வண்டியை ஆரப்பாளையத்துப் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். காலையில் விட்ட வண்டி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தயார். கதவுத் தூணை இழுத்து நிமிர்த்தி, புதுப் பூட்டும் கொக்கியும் மாட்டிவிட்டார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்தார். வாசலில் நின்று அந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார், மறுபடி திறந்து மூடினார். டக்கென்று கச்சிதமாக விழுந்தது.

"சரி பண்ணியாச்சு மாமா" என்றார் அப்பாவிடம். அப்பா வண்டியைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பையோடு வெளியே வந்தாள். மச்சான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய், பின் சீட்டுக் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் முன்கதவைச் சாத்தினார்.

தெருமுனையில் வண்டி வலது பக்கம் திரும்பியது. கதவு அசையவில்லை. அந்தச் சீட்டில் யாரும் இல்லை.